உஷார்! சீட்டு மேஜையில் உங்களைத் திட்டுகிறவரிடம் சிக்காதீர்கள்

கம்பெனி செலவில் கோவா டூர் கிளம்பும் ஹார்டுவேர் கடைக்காரர்களே, எலெக்ட்ரிக்கல் கடைக்காரர்களே, பீங்கான் பட்டறை முதலாளிகளே, சிங்கப்பூரில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் தம்பிமார்களே, தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கேசினோவில் பணம் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உங்களைத் திட்டுகிற ஒருவர், போகிற பணத்தைப் பல மடங்கு வேகமாகப் போக வைப்பார் என்பது பலருக்குத் தெரியாது. அவரைப் பற்றித்தான் இந்த எச்சரிக்கை.

ஃபியூஸ் கேரியரும் அகல் விளக்கும் கொலு பொம்மையும் செய்து விற்கிற விருத்தாசலத்துக்கும் கேசினோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. சிமெண்ட், டைல்ஸ், ஒயர் கம்பெனிகள் நிறைய சரக்கு எடுத்த கடைக்காரர்களுக்குப் பரிசாகத் தருவது இப்போதெல்லாம் கோவாவும் பாங்காக்கும்தான். பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்கள் டூரில் ஒரு ராத்திரியைப் பிடித்துக்கொள்கின்றன. கொழும்பில் 2025 ஆகஸ்டில் சிட்டி ஆஃப் டிரீம்ஸ் என்ற பெரிய கேசினோ திறந்தாகிவிட்டது. நம் ஜங்ஷனில் ரயில் ஏறி, திருச்சியில் விமானம் பிடித்தால் அன்றைக்கே அங்கே இருக்கலாம். கோவா அரசு தன் ஊர் மக்கள் கேசினோவுக்குள் போகக் கூடாது என்று 2020 பிப்ரவரி முதல் தடை வைத்திருக்கிறது. சொந்த ஜனங்கள் உட்காரக் கூடாது என்று அரசே சொல்லும் மேஜையில் நம்மை உட்கார வைக்கிறார்கள். இதை ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அந்த மேஜைகளில் பிளாக்ஜாக் என்ற ஆட்டம் நம் ஆட்களைச் சுலபமாக இழுக்கும். விதி எளிது. உங்கள் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-க்கு மேல் போகாமல், கேசினோவுக்காகச் சீட்டுப் போடுபவரின் தொகையை மிஞ்ச வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. ஏஸ் ஒன்று அல்லது பதினொன்று. சீட்டுப் போடுபவருக்குச் சொந்த முடிவே கிடையாது. 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். அரைவட்ட மேஜையைச் சுற்றி ஏழு பேர் வரை உட்காரலாம். பார்ப்பதற்கு எல்லோரும் ஒரே அணியாகச் சேர்ந்து கேசினோவை எதிர்த்து ஆடுவதுபோல இருக்கும். வம்பு பிறப்பது இந்தத் தோற்றத்தில்தான்.

கடைசி நாற்காலியில் புதிதாக ஒருவர் உட்காருகிறார் என்று வையுங்கள். அவர் கையில் 12. சீட்டுப் போடுபவரின் முன் திறந்து கிடப்பது ஆறு. நம்மவர் இன்னொரு சீட்டு கேட்கிறார். பத்து வந்து 22 ஆகி அவுட். அடுத்த சீட்டுகளில் சீட்டுப் போடுபவருக்கு 20 சேர்ந்துவிடுகிறது. மேஜை முழுக்கத் தோல்வி. உடனே ஆரம்பிக்கும். “அந்தப் பத்து அவனுக்குப் போக வேண்டியதுய்யா! நீ எடுத்துத் தொலைச்ச!” “ஆடத் தெரியலன்னா எதுக்கு வந்து உக்கார்றே?” இந்தியில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், நம்ம பாஷையிலேயே ஒருவர். கூட வந்த நண்பர்கள் முன்னால், சம்பந்தமே இல்லாத மனிதன் வாய்க்கு வந்தபடி பேசுகிறான். ஊரில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனுஷனுக்கு முகம் சிவந்துவிடும்.

அந்த மனிதன் சொன்னது பொய். அவனே அதை உண்மை என்று நம்பிச் சொன்னாலும் கணக்கில் அது பொய்.

மூடியிருக்கும் சீட்டுக் கட்டில் முதல் சீட்டு என்ன என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவதும் தெரியாது. நீங்கள் முதல் சீட்டை எடுத்தால் சீட்டுப் போடுபவருக்கு இரண்டாவது போகும். எடுக்காவிட்டால் முதலாவதே போகும். இரண்டில் எது அவரைக் கவிழ்க்கும், எது காப்பாற்றும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஆறு திறந்து கிடக்கும்போது சீட்டுப் போடுபவர் 21-ஐத் தாண்டி விழுவது நூற்றுக்கு ஏறத்தாழ 42 முறை. கடைசி நாற்காலியில் உலகத்திலேயே மகா மேதை உட்கார்ந்தாலும், நேற்றுதான் சீட்டையே கையில் தொட்டவர் உட்கார்ந்தாலும், மற்றவர்களுக்கு அந்த 42 மாறாது. உங்கள் தவறான ஆட்டம் உங்கள் பணத்தைத்தான் கெடுக்கும். அடுத்தவன் பணத்தை ஒரு தடவை கெடுக்கும், இன்னொரு தடவை காப்பாற்றும். சராசரியில் எதுவுமே செய்யாது. நீங்கள் தப்பாக எடுத்ததால் சீட்டுப் போடுபவர் கவிழ்ந்து மேஜையே ஜெயித்த ஆட்டங்களும் அதே அளவுக்கு இருக்கும். அப்போது யாராவது உங்களுக்கு நன்றி சொன்னார்களா? தோற்றது மட்டும் ஞாபகத்தில் நிற்கும், அதற்கு ஒரு முகம் வேண்டும், கடைசியாகச் சீட்டு எடுத்த முகம் அதற்கு வசதியாக இருக்கும்.

இன்னொரு கொடுமை, சரியாக ஆடுகிறவர்களுக்கும் திட்டு விழுகிறது. 1956-இல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர், மேஜைக் கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு, எந்தக் கைக்கு எது சரி என்று உழைத்துக் கணக்கிட்டு ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். 1962-இல் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் அதை இன்னும் விரிவாக்கிப் புத்தகமே எழுதினார். அந்தக் கணக்குப்படி, உங்களிடம் 12 இருந்து எதிரே இரண்டோ மூன்றோ கிடந்தால் சீட்டு எடுப்பதுதான் சரி. உங்களிடம் 16 இருந்து எதிரே பத்து கிடந்தாலும் எடுப்பதுதான் சரி. இரண்டும் மேஜையில் அதிகமாகத் திட்டு வாங்கித் தருகிற ஆட்டங்கள். எல்லாம் தெரிந்தவர்போல விரல் நீட்டிப் பேசுகிறவருக்குப் பல நேரம் அரை அறிவுதான் இருக்கும். நடு ஆட்டத்தில் புதிதாக வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து “சீட்டு வரிசையையே கலைச்சிட்டான்” என்று முறைப்பார்களே, அதற்கும் இதே பதில்தான். தெரியாத வரிசையை யாராலும் கலைக்க முடியாது.

சரி, பொய்யான திட்டுதானே, காதில் வாங்காமல் விட்டால் போயிற்று என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் ஆபத்து. வாங்கிய அவமானம் அடுத்த ஆட்டத்தில் பந்தயத் தொகையாக வெளியே வரும்.

கணக்கைப் பாருங்கள். நன்றாகக் கற்றவருக்கு இந்த ஆட்டத்தில் கேசினோவின் சாதகம் நல்ல விதிகளில் நூற்றுக்கு அரை ரூபாய் அளவுதான். கற்காமல் ஆடுகிறவருக்கு இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு ஒரு ஆட்டம், ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் என்றால் ஒரு மணி நேரத்தில் அறுபதாயிரம் மேஜையில் புரளும். சராசரியாக 1,200 ரூபாய் போகும். திட்டு வாங்கிய ரோஷத்தில் “நான் யாருன்னு காட்டுறேன்” என்று அதையே ஐயாயிரமாக்கினால் மணிக்கு 6,000. இது சராசரிதான், கெட்ட நேரத்தில் பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அரை லட்சம் பத்தே நிமிஷத்தில் காலி. சீட்டு மாறவில்லை, விதி மாறவில்லை. ஒரு வார்த்தை உங்களை ஐந்து மடங்கு வேகத்தில் ஓட்டுகிறது.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய சூது, துகில் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தருமரைச் சபையில் பிடித்து வைத்திருந்தது ஆசையை விட மானம்தான். எழுந்து போனால் என்ன சொல்வார்களோ என்ற எண்ணத்திலேயே அவர் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகிறார். எதிர்த் தரப்பின் கேலி நிற்கவே நிற்காது. பிளாக்ஜாக் மேஜையில் கேலி செய்கிறவன் எதிர்த் தரப்புகூட இல்லை, உங்களைப் போலவே தோற்றுக்கொண்டிருப்பவன். ஆனால் அவன் பேச்சு யாருக்கு லாபமாக முடிகிறது என்று பாருங்கள்.

இதில் மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கோவா கப்பல்களில் நுழைவுக் கட்டணத்துக்குள்ளேயே சாப்பாடும் குடியும் அடங்கிவிடுகிற திட்டங்கள் உண்டு. கோபித்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்துவிடவும் முடியாது. கரைக்கு வரச் சின்னப் படகு வேண்டும். குடித்த நாலு பேர், தோற்ற நாலு பேர், நடு ஆற்றில் ஒரு மேஜை. ஆடப் போகிற அன்றைக்குக் குடிக்காதீர்கள். இது ஒன்றைக் கேட்டாலே பாதி ஆபத்து விலகும்.

திட்டுகிறவர் எப்போதும் உட்கார்ந்துதான் இருப்பார் என்றில்லை. பல கேசினோக்களில் பின்னால் நிற்பவர்களும் உங்கள் கட்டத்தில் பந்தயம் வைக்கலாம். உங்கள் கைச்சீட்டை நம்பி அவர்கள் பணம் போடுவார்கள். பிறகு உங்கள் தோளுக்கு மேலே குனிந்து “எடு, எடு” என்றோ “வேணாம்னு சொல்லு” என்றோ கத்துவார்கள். தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: முடிவு நாற்காலியில் இருப்பவருடையது. பின்னால் நிற்பவருக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் பணம் போனால் நீங்கள் ஈடு கட்ட வேண்டியதில்லை. “உன்னாலதான் போச்சு, பாதி குடு” என்று கேட்டால் பைசா எடுக்காதீர்கள். இன்னொருவர் உங்கள் கட்டத்தில் காசு வைப்பது பிடிக்காவிட்டால் ஆட்டம் தொடங்குமுன்பே சீட்டுப் போடுபவரிடம் சொல்லிவிடலாம்.

பாஷை தெரியாதே என்று நம் ஆட்கள் கூசுவார்கள். கூசத் தேவையில்லை. அங்கே வாய்ப்பேச்சை விடக் கைச் சைகைதான் செல்லும். மேஜைத் துணியில் விரலால் தட்டினால் சீட்டு வேண்டும். உள்ளங்கையைத் தாழ்த்திக் குறுக்கே ஆட்டினால் ‘போதும்’ என்று அர்த்தம். மேலே கேமரா அதைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் உங்களுக்காக எதைக் கத்தினாலும் அது சைகை ஆகாது. ஆனால் மிரண்டுபோய் நீங்களே கையை அசைத்துவிட்டால் அது உங்கள் முடிவாகிவிடும். அதனால் கத்தல் கேட்டால் முதலில் இரண்டு கைகளையும் மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு நிதானமாக முடிவு செய்யுங்கள். பந்தயம் வைத்த பிறகு, பணத்துக்குப் பதிலாக மேஜையில் வைக்கும் காயினைத் தொடாதீர்கள். பந்தயத்தை மாற்றுகிறீர்கள் என்ற சந்தேகம் வரும்.

திட்டு விழுந்துவிட்டது. என்ன செய்வது? பதில் பேசாதீர்கள். நான் மேலே சொன்ன 42 கணக்கை எடுத்து அவருக்குப் பாடம் நடத்தப் போகாதீர்கள். தோற்ற மனிதனுக்குக் கணக்கு ஏறாது, சண்டைதான் வரும். ஓடிக்கொண்டிருக்கும் கை முடியட்டும். காயினை எடுத்துக்கொண்டு எழுந்து வேறு மேஜைக்குப் போங்கள், முடிந்தால் சாப்பாட்டுத் தளத்துக்கே போய்விடுங்கள். மறுபடி மறுபடி சீண்டினால், கெட்ட வார்த்தை பேசினால், மேல் கை வைத்தால், மேஜைகளுக்குப் பின்னால் கோட் போட்டு நிற்கும் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு அந்த ஆளைக் காட்டுங்கள். ஒழுங்கு காப்பது அவர் வேலை. “உட்காருங்க சார், இப்பதானே வந்தீங்க” என்று யாராவது கையைப் பிடித்து இழுத்தாலும் உட்காராதீர்கள். எழுந்து போவதில் ஒரு மானக்கேடும் இல்லை.

கத்துகிறவரை விட நைச்சியமாகப் பேசுகிறவரிடம் இரட்டிப்பு உஷார் தேவை. “அவன் கிடக்கிறான் விடுங்கண்ணே, நான் சொல்றபடி ஆடுங்க” என்று ஒருவர் தோளில் கை போடுவார். அடி வாங்கிய மனசுக்கு அது தைலம்போல இருக்கும். கொஞ்ச நேரத்தில் உங்கள் காயினை அவர் நகர்த்திக்கொண்டிருப்பார். காசு தீர்ந்தால் “நான் தரேன், ஊருக்குப் போய் அனுப்புங்க” என்பார். வாங்காதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் சூதாட்ட மேஜையில் வாங்கிய கடன் வட்டியோடு ஊர் வரை வரும், பட்டறை வாசலில் வந்து நிற்கும்.

சிங்கப்பூர் தம்பிமார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே 2010-இல் இரண்டு கேசினோக்கள் வந்தன, மரினா பே சாண்ட்ஸிலும் செந்தோசாவிலும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2019-க்கு முன்பு அது 100-ஆக இருந்தது. ஆட்டக்காரர் யோசிக்கட்டும் என்பதற்காக அந்த அரசு வைத்த தடுப்பு அது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அந்தக் கட்டணம் இல்லை. அதாவது உங்களை யோசிக்க வைக்க வாசலில் எதுவும் இல்லை. உள்ளே ஒருவன் கேவலமாகப் பேசி, நீங்கள் பதிலுக்கு ஒரு தள்ளு தள்ளினால் அங்குலம் அங்குலமாகக் கேமராவில் இருக்கும். 2014-இல் கொண்டுவந்த தொல்லைத் தடுப்புச் சட்டப்படி அங்கே தகாத வார்த்தை பேசுவதே குற்றமாகலாம். கைகலப்பு அதைவிடப் பெரிய குற்றம். உள்ளூர்க்காரருக்கு அபராதத்தோடு போகலாம். உங்களுக்கு வேலை அனுமதியே போய்விடக்கூடும். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அடையாமல் விமானம் ஏற வேண்டியிருக்கும். ஆகவே அங்கே யார் முதலில் திட்டினார்கள் என்பது முக்கியமே இல்லை, நீங்கள் வாய் திறக்கக் கூடாது. உள்ளே போகாமல் இருக்க முடியவில்லை என்று உணர்ந்தால், சூதாட்டப் பிரச்சினைக்கான அந்நாட்டுத் தேசிய மன்றத்தில் நீங்களே உங்களுக்குத் தடை கேட்டுப் பதிவு செய்யலாம். அங்கே வேலை செய்யும் வெளிநாட்டினருக்கும் அந்த வழி உண்டு. உதவி எண் 1800-6668-668.

பாங்காக், பட்டாயா போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தாய்லாந்தில் சட்டப்படியான கேசினோவே இல்லை. 2023 மே மாதத் தொடக்கத்தில் பட்டாயாவில் ஒரு ஓட்டல் அரங்கில் போலீஸ் புகுந்து எண்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் முன்னால் பிளாக்ஜாக் மேஜைகளும் இருந்தன. அப்படிப்பட்ட திருட்டு மேஜையில் யாராவது திட்டினால், அடித்தால், பணத்தைப் பிடுங்கினால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? மேற்பார்வையாளரும் கிடையாது, போலீசைக் கூப்பிடவும் முடியாது. “பிரைவேட் பார்ட்டி சார், நம்ம ஆளுங்கதான்” என்று டூர்க்காரர் சொன்னாலும் அறையை விட்டு நகராதீர்கள்.

இதே நிலைமைதான் நம் ஊரிலும். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னதை வைத்துக்கொண்டு எல்லாச் சீட்டுக்கும் பாதுகாப்பு இருப்பதாகச் சிலர் பேசுவார்கள். தோப்பிலும் லாட்ஜிலும் மன்றத்திலும் பணம் வைத்து மங்காத்தாவோ மூணு சீட்டோ இருபத்தொன்றோ ஆடினால் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பாயும். சண்டை வந்து புகார் கொடுக்கப் போனால் முதல் வழக்கே உங்கள் மேல்தான். மாசி மகக் கூட்டத்தில் துணி விரித்து மூன்று சீட்டு வைப்பவனைச் சுற்றி நின்று, “ஏம்ப்பா, கண்ணு தெரியல? ராணி அங்க இருக்கு பாரு” என்று உங்களைச் சீண்டுகிறவர்கள் அவனுடைய ஆட்கள். நீங்கள் ரோஷப்பட்டு நோட்டை நீட்ட வேண்டும், அதற்குத்தான் அந்தச் சீண்டல்.

போனில் நடப்பது எல்லாவற்றிலும் மோசம். நேரலையில் ஒரு பெண் சீட்டுப் போட, பக்கத்தில் ஓடும் உரையாடல் பெட்டியில் முகம் தெரியாதவர்கள் “முட்டாள், வெளியே போ” என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள். பூட்டிய அறைக்குள் தனியாக உட்கார்ந்து இதைப் படிக்கிற பையன் என்ன செய்வான்? அடுத்த பொத்தானைப் பெரிய தொகைக்கு அழுத்துவான். 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்த தமிழ்நாட்டுச் சட்டப்படி, இணையச் சூதாட்டம் ஆடுகிறவருக்கே மூன்று மாதச் சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகள் டெலிகிராம் வழியாக வந்துகொண்டேதான் இருக்கின்றன. பணம் போட அவர்கள் கொடுப்பது யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு. அதில் பணம் புழங்கினால் உங்கள் கணக்கும் முடங்கலாம். ஏமாந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மேஜையில் அடுத்தவரைத் திட்டுகிறவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆயிரம் ரூபாய் போனதற்குப் பக்கத்தில் இருக்கும் புது ஆள் காரணமில்லை. சீட்டு எடுத்து 21-ஐத் தாண்டுகிற சங்கடம் உங்களுக்குத்தான் முதலில் வருகிறது. பிறகு சீட்டுப் போடுபவரும் தாண்டினால்கூட உங்கள் பணம் திரும்பாது. கேசினோவின் லாபத்துக்கு அடித்தளமே அந்த ஒரு விதிதான். போதாததற்குச் சில மேஜைகளில் பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே 21, விழுந்தால் ஆயிரத்துக்கு 1,500 தராமல் 1,200 மட்டும் தருவார்கள். மேஜைத் துணியிலேயே அதை அச்சடித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் உட்கார்ந்துவிட்டுப் பக்கத்துப் பையனை அழ வைப்பது என்ன நியாயம்?

வீட்டில் இருக்கிற அக்கா, அண்ணிமார்கள் ஒன்றைக் கவனியுங்கள். டூர் போய் வந்தவர் தோற்ற தொகையைச் சொல்லாமல், அங்கே எவனோ ஒருவன் தன்னைப் பேசியதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால், “அடுத்த தடவை போய்க் காட்டுறேன்” என்றால், ராத்திரி போனோடு மொட்டை மாடிக்குப் போனால், அந்த மேஜையிலிருந்து அவர் இன்னும் எழுந்து வரவில்லை என்று பொருள். கத்தாதீர்கள், ஏற்கெனவே ஒருவன் கத்திய கத்தலில்தான் இவ்வளவும். வாரக்கூலிக்கு எடுத்து வைத்த பணத்தையும் நகை அடகுச் சீட்டையும் உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவர் பேச மறுத்தால் முதல் அழைப்பை நீங்களே போடுங்கள்.